லீவு நாள் தாடை

மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கே துர்காதேவிக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. மெஷினைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அதைக் கொண்டுவந்தவளைப் பிடிக்கவில்லை.

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கத்தில் பெரிய டாக்டர் ஜெயகிருஷ்ணன் நடத்தும் பல் மருத்துவமனையில் துர்கா பல வருஷமாக வேலை செய்கிறாள். தாடை மூட்டுக் கேஸ் என்றால் அவளிடம்தான் வரும். காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் உள்ளே ஒன்று உருளுமே, அந்த மூட்டு. அதில் சத்தம் வருகிறது, கொட்டாவி விட்டால் பிடித்துக்கொள்கிறது, சாப்பிட்டு முடிப்பதற்குள் நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கு அவள் வைத்திருந்த கருவி ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஸ்டெதஸ்கோப்பும்தான். மற்றபடி அவள் கை.

அந்தக் கையில் விஷயம் இருந்தது. நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து, கீழ்த்தாடையை அடியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பாள். "என்கிட்ட விட்டுடுங்க, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க" என்பாள். தாடை கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும். பிறகு தூங்கும் குழந்தையின் தலை தோளில் விழுகிற மாதிரி கனத்துப்போய்த் தன் குழியில் உட்காரும். அந்த இடத்தை மெழுகில் பதித்து லேபுக்கு அனுப்பினால், அதற்குத் தோதாகப் பல் செய்து வரும். அந்த இடம் ஒரு நூல் பிசகினாலும் புதுப் பல்லோடு மனுஷன் சோறு தின்ன முடியாது.

"நம்ம துர்கா கை வச்சா போதும்" என்று பெரிய டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மதுவந்தி வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை.

மதுவந்தி துர்காவைவிடச் சின்னவள். காஞ்சிபுரத்துக்காரி. அப்பாவும் பல் டாக்டர். "சின்ன வயசுல அப்பா க்ளினிக்ல ப்ளாஸ்டர் அச்சு வச்சுதான் விளையாடுவேன் அக்கா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். துர்கா அந்த வயசில் திருக்கழுக்குன்றம் சாலையில் கல் உடைக்கும் ஒரு கிரஷரில் ஜல்லிக் குவியல்மேல் ஏறி விளையாடினாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் விளையாட்டும் இல்லை, அம்மாவுக்குப் பின்னால் ஜல்லிப் பாண்டு தூக்க வேண்டும். அப்பா திருவேங்கடம் லாரிக்கு லோடு ஏற்றியவர். அவள் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒருத்தரும் புதுச் செருப்பு வாங்கவில்லை. இதையெல்லாம் அவள் மதுவந்தியிடம் சொன்னதில்லை. சொன்னால் அவள் கண் கலங்குவாள். அந்தக் கலக்கத்தைப் பார்க்கத் துர்காவுக்குப் பொறுமை கிடையாது.

மதுவந்தி கெட்டவளாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவளோ டிபன் டப்பாவைத் திறந்ததும் முதல் கரண்டியைத் துர்காவின் தட்டில் வைப்பாள். வார்டு ஆயாவைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவன் சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை. சாயங்காலம் காரில் வந்து அழைத்துப் போவான், வந்ததும் இறங்கி நின்று துர்காவுக்கும் ஒரு வணக்கம் சொல்வான். அந்த வணக்கம் வரைக்கும் துர்காவுக்கு எரிந்தது.

மெஷின் என்றால் ஆளுயரத்துக்கு ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடி மாதிரித் தலையில் மாட்டுகிற ஒரு சட்டம். கீழ்ப்பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற நகத்தளவு காந்தம். ஒரு திரை. வாயைத் திறந்து மூடினால் தாடை போய் வந்த பாதை திரையில் பச்சைக் கோடாக விழும். எவ்வளவு தூரம் திறந்தது, எந்தப் பக்கம் இழுத்தது, எந்த இடத்தில் தடுக்கியது, எல்லாம் மில்லிமீட்டரில் வந்துவிடும்.

இத்தோடு போயிருந்தால் துர்கா மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். மாமல்லபுரம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஒத்தவாடைத் தெருவில் ஒரு மாடியைப் பிடித்துக் கிளை திறக்கிறார் பெரிய டாக்டர். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், கம்பெனி ஆட்கள் வருவார்கள், ரிசார்ட்காரர்கள் அனுப்பிவைப்பார்கள். பெயின்டு அடித்தாகிவிட்டது, ஏசி மாட்டியாகிவிட்டது. அதற்குப் பொறுப்பு யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. துர்கா மனசுக்குள் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல மாதமாகிறது. ஜன்னல் பக்கம் யாருடைய நாற்காலி என்பதுவரை முடிவுசெய்து வைத்திருந்தாள். இப்போது மனசுக்குள் அந்த நாற்காலியில் மதுவந்தி உட்கார்ந்து பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகநாதன் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

உலகநாதன் அரசு பஸ் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற வண்டி. துர்கா இலவச பாஸில் படிக்கப்போன காலத்தில் அவள் ஓடிவருவதைப் பார்த்து விசில் ஊதி வண்டியை நிறுத்திவைத்தவர். சொந்தமில்லை, ஆனால் அவளுக்கு அவர் மாமா. அவர் மனைவி அமிர்தவல்லி அத்தை.

"இன்னா துர்கா, காதாண்ட டொக்கு டொக்குனுகினே கீது. ஆக்ஸில் போன வண்டி மாரி. பாசஞ்சர்லாம் திரும்பிப் பாக்குறான்."

"வாயத் தொறங்க மாமா. அது பாசஞ்சருக்குக் கேக்காது."

"உங்க அத்தைக்குக் கேக்குது. துன்னும்போது எந்திரிச்சுப் போயி வாசல்ல உக்காந்துக்கிறா."

வாயைத் திறந்ததுமே துர்காவுக்கு விளங்கிவிட்டது. இடது பக்கம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தேய்ந்து குழிவிழுந்திருந்தன. வலது கை டிக்கெட் கிழிக்க, இடது கை கம்பியைப் பிடிக்க, விசில் காலை முதல் ராத்திரிவரை இடது பல்லிடுக்கில்தான் கிடக்கும். ஊதினாலும் ஊதாவிட்டாலும் கடித்தபடியே இருப்பார். வருஷக்கணக்காக அப்படிக் கடித்ததில் பல் தேய்ந்து, தாடை இறங்கி, மூட்டு அழுத்தப்பட்டுச் சத்தம் போடுகிறது. இரண்டு பக்கமும் பின்பற்களுக்கு மேலுறையாகக் கேப் போட்டு உயரத்தை ஏற்ற வேண்டும்.

இந்தக் கண்டக்டர் தாடையில் ஒரு சூது உண்டு. டூட்டி முடித்து வரும்போது தாடை விசில் இருந்த பக்கமாக முன்னாலும் இடப்புறமாகவும் தள்ளி நிற்கும். சதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். வாயில் விசில் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே மூடும். ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாள் விசில் பிடிக்காமல் இருந்தால்தான் தன் இடத்துக்குத் திரும்பும். துர்கா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. முன்னே ஒரு கண்டக்டருக்குப் பல் செய்து, அது பொருந்தாமல் திரும்பச் செய்து, அவமானப்பட்ட பிறகு பிடிபட்டது. அதிலிருந்து கண்டக்டர் யார் வந்தாலும் வார லீவன்று காலையில்தான் அளவெடுப்பாள். காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சும்மா எடுத்துக் கொடுக்க அவள் வீட்டில் யாரும் பழக்கவில்லை.

"புதங்கிழமை உங்களுக்கு லீவுதான? அன்னிக்குக் காலைல வாங்க மாமா."

"லீவு நாளும் போச்சா. சரி, நீ சொன்னா வரேன்."

அவர் எழுந்துகொள்ளும்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். உலகநாதனின் வாயைப் பார்த்தார், மூட்டில் விரலை வைத்துச் சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"துர்கா, இந்தக் கேஸை மது எடுத்துக்கட்டும். மெஷின்ல போடறதுக்கு இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. மாமல்லபுரம் ஓப்பனிங்ல முன்னாடி பின்னாடி ரெண்டு கோட்டையும் போட்டுக் காமிக்கலாம்."

"என் பேஷண்ட் சார்."

"எல்லாரும் நம்ம பேஷண்ட்தாம்மா" என்றார் அவர், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

மதுவந்தி வந்தாள். உலகநாதனுக்கு வணக்கம் சொன்னாள். "எப்ப வர முடியும் சார் உங்களுக்கு?"

காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து அவரை 'யோவ்' என்றும் 'கண்டக்டரு' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். 'சார்' என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பாப்பா லீவு நாள்ல வரச் சொல்லுச்சிங்க டாக்டரம்மா."

"ஐயோ, உங்க ஒரே லீவை ஏன் கெடுக்கணும்? டூட்டி முடிச்சிட்டு சாயங்காலம் வாங்க சார். நான் இருப்பேன்."

துர்கா வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். அது நாக்கின் நுனிவரை வந்தது. உலகநாதன் மதுவந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்தாள். துர்காவைப் பார்த்து அவர் அப்படி ஒரு மரியாதையோடு சிரித்ததில்லை. குழாயை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அளவெடுத்த சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். போகவில்லை. தலையில் சட்டம் மாட்டி உலகநாதன் சாமி ஊர்வலத்தில் கிரீடம் வைத்தவர்போல் உட்கார்ந்திருந்தார். விசில் கயிறு இன்னும் சட்டைப் பட்டனில் தொங்கியது.

"தொறங்க சார். மூடுங்க. இன்னொரு தடவை."

பச்சைக் கோடு இறங்கியது, ஏறியது.

"இது என் வாயா? நான்தான் ஆட்டுறனா?" உலகநாதன் குழந்தைபோல் கேட்டார். "துர்கா, பாத்தியா, என் தாடை டிவில வருது. உங்க அத்தை பாத்தா அசந்துடுவா."

"பேசாதீங்க மாமா. கோடு கெட்டுடும்" என்றாள் துர்கா.

மதுவந்தி மறுபடி மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே கோடு, அதே இடத்தில் வந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவ்வளவு கன்ஸிஸ்டன்ட்டா வருது பாருங்க அக்கா." பிறகு, அவள் குணத்துக்கு ஏற்றபடி, திரும்பிக் கேட்டாள். "லெஃப்ட்ல கொஞ்சம் தள்ளி நிக்கிறதே. இவருக்கு இதுதான் இடமா? நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும்."

கேட்டுவிட்டாள். திமிரில்லாமல், நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். எப்போதும் ஒரே கோடு வருகிறது என்றால் சதை கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அது சரியான இடம் என்று அர்த்தமில்லை. துர்காவுக்கு அது தெரியும்.

"மெஷினே சொல்லுது. அதுக்கு மேல நான் இன்னா சொல்லப் போறேன்" என்றாள்.

எரிச்சலில் அவள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டதை அவளே கவனித்தாள். மதுவந்தி கவனிக்கவில்லை. "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிப் பதிவை லேபுக்கு அனுப்பினாள்.

முதலில் தற்காலிகக் கேப் போட்டுச் சில வாரம் பார்ப்பது வழக்கம். உலகநாதன் ஒவ்வொரு தடவையும் டூட்டி முடித்துத்தான் வந்தார். மதுவந்தி வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் சமமாகக் கறை விழும். சத்தம்கூடக் குறைந்திருந்தது. ஒரு தடவை அவர் வெளியே போகும்போது துர்காவின் அறைக் கதவில் தலையை நீட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. லீவன்னிக்கு மட்டும் லெஃப்ட்டு சைடு முன்னாடியே இடிக்குது. பசங்க பால் பல்லு ஆடற மாரி ஒரு ரோதனை."

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வந்து கடிச்சுப் பாத்தா சரியாத்தான் கீது. நான் பொய் சொல்றமாரி ஆயிடுது."

"பழகிடும்" என்றாள் துர்கா.

அவர் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு துர்கா பேனாவை மூடி வைத்தாள். எழுந்து நடந்து மதுவந்தியின் அறைவரை போனாள். உள்ளே பெரிய டாக்டர் இருந்தார். "ஒத்தவாடைத் தெரு போர்டுல உன் பேர் எப்படிப் போடணும்னு யோசிச்சு வை" என்று மதுவந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துர்கா திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் நிரந்தரக் கேப்பை ஒட்டினார்கள். ஜெயகிருஷ்ணன் போட்டோ எடுத்தார். கோடும் போட்டோவும் பக்கம் பக்கமாக வைத்த படம் வரவேற்பறைச் சுவரில் ஏறியது. துர்கா அதன் அடியில் உட்கார்ந்துதான் தினமும் பேஷண்டைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அமிர்தவல்லி வந்தாள். தனியாக வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துர்காவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். டாக்டரா சொல்லு, வூட்டு மனுஷியா சொல்லு. பல்லு கட்டினா லீவு நாள்ல மட்டும் வலிக்குமா?"

"ஏன் அத்தை?"

"லீவு நாளானா கஞ்சி குடிக்கிறாரு. ஆட்டுக்கால் வாங்கியாந்து கொழம்பு வச்சேன், தொடல. டூட்டிக்குப் போனா கடைல பிரியாணி துன்றாரு, அந்த டிரைவரே சொல்றான். இப்ப லீவே வாணாம்னு டபுள் டூட்டி எழுதிக்கினு கீறாரு. எனக்கு இன்னா தோணும்? மாமல்லபுரத்துல எவளோ ஆக்கிப் போடறான்னு தோணாதா? சண்டை போட்டேன். சாமி மேல சத்தியம் பண்றாரு, பல்லுதான்றாரு. எந்த ஊர்ல பல்லு லீவு பாத்து வலிக்கும்?"

துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறொன்றாக மாறியது. மனுஷன் சோறு தின்பதற்காக வேலைக்குப் போகிறார். விசிலைக் கடித்து, தாடையைக் கோணலாக்கி, அந்தக் கோணலுக்குச் செய்த பல்லில் மென்று விழுங்குகிறார். வேலை இல்லாத அன்று தாடை ஒழுங்காகிறது, பட்டினி கிடக்கிறார்.

அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அவளுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. இது போதும் என்று தோன்றியது. இதை வைத்தே மதுவந்தியின் மெஷினைக் குப்புறத் தள்ளிவிடலாம். மாமல்லபுரம் போர்டுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை.

"அத்தை, இந்த புதங்கிழமை அவருக்கு லீவு போட வையுங்க. காலைல எழுந்ததும் இட்டுக்கினு வாங்க. விசில வூட்லயே வச்சிட்டு வரட்டும்."

புதன்கிழமை துர்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். உலகநாதனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஜெயகிருஷ்ணனையும் மதுவந்தியையும் கூப்பிட்டாள். அமிர்தவல்லி கதவோரம் நின்றாள்.

"கடிங்க மாமா."

இடது பின்பல் மட்டும் இடித்தது. வலது பக்கம் தாள் ஒன்றல்ல, அட்டையே நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. மதுவந்தி குனிந்து பார்த்தாள். அவள் முகத்திலிருந்த ரத்தம் இறங்குவதைத் துர்கா நிதானமாகப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் காத்திருந்த காட்சி அது.

"எப்படி? நான் செக் பண்ணப்பல்லாம் சரியா இருந்ததே."

"நீங்க செக் பண்ணது டூட்டி முடிச்ச தாடைய. இவர் விசில் கடிக்கிறவர். சாயங்காலம் தாடை இடது பக்கம் இழுத்து நிக்கும். அதை அளந்துட்டீங்க. மெஷின் தப்பு சொல்லல. கோணலை மில்லிமீட்டர் சுத்தமா அளந்து குடுத்துச்சு." துர்கா பெரிய டாக்டரின் பக்கம் திரும்பினாள். "நான் கண்டக்டருங்கள எப்பவுமே லீவு நாள் காலைலதான் கூப்பிடுவேன் சார். இத்தனை வருஷமா அப்படித்தான். ஒரு கேஸ்கூடத் தப்புனதில்ல."

ஜெயகிருஷ்ணன் மெதுவாகத் தலையாட்டினார். அவர் கண்ணில் பழைய மதிப்பு வந்ததைத் துர்கா பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்த உலகநாதன் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"ஆமா. என்னையும் லீவன்னிக்குத்தான் வரச் சொன்ன. இந்தம்மா சாயங்காலம் வான்னு சொன்னப்ப நீ இங்கதான கை கழுவிகினு இருந்த."

மதுவந்தி துர்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிவில கோடு போட்டப்பவும் நின்ன. இடிக்குதுன்னு நானே உன்னாண்ட வந்து சொன்னேன். பழகிடும்ன." அவர் குரல் ஏறவில்லை. வண்டியில் சில்லறை குறைவதைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "தெரிஞ்சிதான் சும்மா இருந்தியா துர்கா?"

தெரியாது என்று சொல்ல வழியில்லை. இத்தனை வருஷமாகத் தெரியும் என்று அவளே இப்போதுதான் பெருமையாகச் சொல்லி முடித்தாள்.

"ஆமா மாமா" என்றாள்.

அமிர்தவல்லி கதவோரத்திலிருந்து நடந்து வந்து புருஷனின் பக்கத்தில் நின்றாள். "இவ அப்பன் காலு ஒடஞ்சி கெடந்தப்ப நாலு மாசம் இவருதான் அரிசி கொண்டாந்து போட்டாரு" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் துர்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மதுவந்திதான் முதலில் அசைந்தாள். "சார், தப்பு என்னோடதுதான். நீங்க லீவு நாள்ல வலிக்குதுன்னு சொன்னப்பவே நான் லீவு நாள்ல வரச் சொல்லிப் பாத்திருக்கணும். எனக்கு இது தெரியல. எல்லாத்தையும் எடுத்துட்டு நானே திரும்பச் செஞ்சு தரேன்."

'எனக்குத் தெரியல.' எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் நிற்க, பேஷண்ட் நிற்க, கண்டக்டரின் பொண்டாட்டி நிற்க, முகம் சுருங்காமல் சொல்கிறாள். துர்கா வளர்ந்த இடத்தில் தெரியாது என்றவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. மேஸ்திரி கேட்டால் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும், தெரிந்ததைப் பக்கத்து ஆளுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாது என்று சொல்லிவிட்டு அப்படியே நிமிர்ந்து நிற்க மதுவந்திக்கு யார் கற்றுக்கொடுத்தது? குற்றம் பிடிபட்டு நிற்கிற அந்த நிமிஷத்திலும் துர்கா அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். காரையும் மெஷினையும் பார்த்துப் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஜெயகிருஷ்ணன் துர்காவை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போனார்.

"உன் கை வேலைல நான் குறை சொல்ல மாட்டேன். இன்னிக்கும் சொல்ல மாட்டேன். ஆனா மாமல்லபுரத்துல நான் பக்கத்துல இருக்க மாட்டேன் துர்கா. கூட இருக்கறவங்க தப்பு பண்ணா சொல்ற ஆள்தான் அங்க வேணும்." மதுவந்தி இருந்த அறைப்பக்கம் பார்த்தார். "மது போகட்டும்."

"சரி சார்."

அழுகை வரவில்லை. அவள் அறைக்குப் போய் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டாள்.

மாமல்லபுரம் கிளை தை மாதம் திறந்தது. துர்காவும் போனாள், போகாமல் இருந்தால் அதையும் பேசுவார்கள். ஜன்னல் பக்கம் நாற்காலி இல்லை, செடி வைத்திருந்தார்கள். உலகநாதன் தன் புதுப் பல்லை மதுவந்தியிடமே செய்துகொண்டார். துர்காவை வண்டியில் பார்த்தால் டிக்கெட் கொடுக்கிறார், மீதியைக் கொடுக்கிறார். பேச்சில்லை.

திறந்து சில வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துர்காவின் போன் அடித்தது. மதுவந்தி. துர்கா அதை முழுசாக அடித்து ஓயவிட்டாள். மறுபடியும் அடித்தது.

"சொல்லுங்க."

"அக்கா, ஒரு பேஷண்ட். படகு வச்சிருக்கார், வலை வேலையும் அவரே பாக்கறார். வேலை செய்யும்போது வாயில என்ன வச்சிருப்பீங்கன்னு கேட்டேன். நூலை வலது பல்லுல இழுத்துப் பிடிச்சுப் பின்னுவாராம். கோடு வலது பக்கம் சாயுது. எப்ப வரச் சொல்லி அளக்கட்டும்?"

துர்கா சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மதுவந்தி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பேஷண்டையும் கேட்கிறாள், இவளையும் கேட்கிறாள். இன்னும் ஒரு வருஷம் போனால் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

"வலையத் தொடாத நாள் காலைல வரச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொன்னது பாதிதான். வலை பின்னுகிறவனின் பிடி கண்டக்டரின் பிடியைவிடக் கெட்டி. ஒரு நாள் ஓய்வில் விடாது. அதைச் சொல்லாமல் விட்டால் மதுவந்தி மறுபடியும் கோணலைத்தான் அளப்பாள். இந்தத் தடவை கை கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்றாள் என்று சொல்லவும் யாருமில்லை. நல்ல தூரம். யாருக்கும் தெரியாது.

இரண்டு கவளம் சாப்பிட்டாள். மூன்றாவதை எடுத்தவள் தட்டிலேயே போட்டாள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எண்ணை அழுத்தினாள்.

"வந்த உடனே அளக்காதீங்க" என்றாள், எடுத்த எடுப்பில். "பஞ்சை ரெண்டு பக்கமும் கடிச்சிகினு உக்காரட்டும். பல்லும் பல்லும் படக்கூடாது, எச்சில் முழுங்கும்போதுகூடப் படக்கூடாது. தாடைக்குப் பழைய பிடி மறந்து போவணும். அவரே வாய் வலிக்குதுன்னு சொல்ற வரைக்கும் வுடுங்க. அப்புறம் அளங்க."

"அக்கா, ரொம்ப..."

மதுவந்தி மீதியைச் சொல்லும் முன்பே துர்கா போனை வைத்துவிட்டாள்.